கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் 15 கிலோமீட்டர். பஸ்ஸில் அரை மணி, கூடிப்போனால் முக்கால் மணி. அங்கே கோயில்கொண்ட ரங்கநாதரான ஆதிரங்கனைச் சேவிக்க ஈரோட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் பெண்களுக்கு இந்தப் பஸ்ஸில் ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரம்மா ஆதார் அட்டையை நீட்டி, காசு கொடுக்காமலே டிக்கெட் வாங்கிக்கொள்வார். நம்மூர் மாமி கைப்பையைத் திறந்து சில்லறை எண்ண வேண்டும். 'சக்தி' திட்டத்தின் இலவசப் பயணம் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும். "எங்க ஊர்லயும் ஃப்ரீதாங்க" என்று கண்டக்டரிடம் வாதாடிப் பயனில்லை.

2023 ஜூன் 11 அன்று முதல்வர் சித்தராமையா தொடங்கிவைத்த திட்டம் இது. சொகுசு வண்டிகளை விட்டுவிட்டால், மாநில எல்லைக்குள் எந்த அரசுப் பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் வந்த விடியல் பயணம் பெரும்பாலும் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. கர்நாடகத்தில் வெளியூர் வண்டிக்கும் சலுகை உண்டு. 2025 ஜூலை 14 அன்று 500 கோடியாவது இலவச டிக்கெட்டை முதல்வரே பஸ்ஸில் ஏறிக் கொடுத்தார். திட்டத்துக்கு ஆகும் செலவைப் பற்றி எழுதித் தள்ளியவர்கள் அதிகம். பெண்கள் இப்படிக் கூட்டம் கூட்டமாக ஏறியதில் பஸ்ஸின் சுபாவமே மாறிப்போனதை அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

முன்பெல்லாம் சாயங்கால வண்டியில் பெண்கள் என்றால் டிரைவருக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசை. மற்றபடி வண்டி முழுக்க ஆண்கள். இன்று மைசூர்–மண்டியா தடத்தில் கல்லூரிப் பெண்கள், கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும் அக்காக்கள், நிமிஷாம்பா கோயிலுக்கு வேண்டுதலோடு போகும் குடும்பம் என்று நடுப்பகுதி வரை பெண்களே நிற்கிறார்கள். ஆண்களுக்குப் பாதி இருக்கை ஒதுக்கீடு என்று அரசே அறிவிக்க வேண்டி வந்தது. 'மகளிர்' என்று எழுதிய இருக்கையில் அடமாக உட்கார்ந்திருந்த ஆண்களை எழுப்பி எழுப்பித் தொண்டை காய்ந்த பெண்கள் இந்த அறிவிப்பைப் படித்து உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். இத்தனை பெண்கள் நடுவே தகாத கை ஒன்று நீண்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிற நிலைமை, சட்டப் புத்தகத்தில் உள்ள எந்தப் பிரிவையும்விட வேகமாக வேலை செய்யும்.

ஆனால் நெரிசலுக்கு இன்னொரு முகமும் உண்டு. இடித்துவிட்டு "கூட்டம்மா, என்ன பண்றது" என்று சொல்பவனுக்கு வசதியான இடமும் அதுதான். அதற்குப் பெண்கள் வைத்திருக்கும் பதில் தலைமுறை தலைமுறையாக ஒன்றே: ஊக்கு. புடவைத் தலைப்பில் ஒன்று, வளையலில் ஒன்று, இன்றைய பெண்ணின் துப்பட்டா ஓரத்தில் ஒன்று. பையை முதுகில் போடாமல் மார்போடு அணைத்துக்கொள்வதும், போனில் யாரும் இல்லாமலே "அப்பா, ஸ்டாப்புக்கு வந்துட்டீங்களா" என்று உரக்கப் பேசுவதும் எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத பாடங்கள். நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்கப் பெண்கள் டிராம் வண்டிகளில் தொப்பி ஊசியை இப்படித்தான் பயன்படுத்தினார்கள். அதற்கு சிகாகோ நகர மன்றம் என்ன செய்தது தெரியுமா? 1910-இல் தொப்பி ஊசியின் நீளத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது! நீண்ட கையை விட்டுவிட்டு ஊசியை அளந்தார்கள்.

நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பொது இடத்தில் பெண்களைச் சீண்டுவது பற்றிய ஒரு முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டு பஸ் நிலையம் ஒன்றில் தொடங்கியது. 1999-இல் தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு போலீஸ்காரர். புகார் சொன்னவர்களே நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனார்கள், அவர் விடுதலையானார். ஏன் பிறழ்ந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் துறை அவரை வேலையிலிருந்து நீக்கியது செல்லும் என்று 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு விடாமல் எல்லா மாநிலங்களுக்கும் சில கட்டளைகளையும் இட்டது. பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் கோயில்களிலும் சாதாரண உடையில் பெண் போலீஸ் வேண்டும். கேமரா வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேரே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். தவறினால் அந்த வண்டியின் பெர்மிட் ரத்தாகும்.

தீர்ப்பு வந்து சரியாகப் பதினாறாம் நாள், டிசம்பர் 16 அன்று, தில்லியில் ஓடும் தனியார் பஸ்ஸில் நடந்த கூட்டு வன்கொடுமையை நாடே அறியும்.

பஸ்ஸை ஸ்டேஷனுக்கு விடு என்று ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும். முதலில் முணுமுணுப்பவர்கள் சக பயணிகள். "வேலைக்கு நேரமாகுது, இறங்கினப்புறம் பார்த்துக்கோம்மா." கண்டக்டருக்குக் கணக்கு, டிரைவருக்கு ரன்னிங் டைம். 2022-இல் தமிழ்நாடு அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது எல்லாவற்றையும் பஸ்ஸில் குற்றமாக்கியது. எச்சரித்தும் கேட்காத ஆளைக் கண்டக்டர் இறக்கிவிடலாம். விதி நல்ல விதிதான். அறுபது பேர் நெரியும் வண்டியில் ஒரே கண்டக்டர் கடைசி வரிசைக் கண்ணடிப்பைப் பார்ப்பதற்கு ஆயிரம் கண்ணுடைய இந்திரனாக இருக்க வேண்டும். புதிதாக வரும் பொது வாகனங்களில் 2019 முதல் அபாயப் பொத்தான் கட்டாயம். இருக்கைக்கு மேலே சிவப்பாக ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்பது பயணிக்குத் தெரியாதவரை அது வெறும் அலங்காரம்.

ஆக, பஸ்ஸுக்குள்ளே நிலைமை மெல்லவாவது நகர்ந்திருக்கிறது. பயம் இப்போது பஸ்ஸுக்கு வெளியே நிற்கிறது: ஏறுவதற்கு முன்னால் காத்திருக்கும் இடத்தில், இறங்கியபின் நடக்கும் இருட்டில்.

மைசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 2021 ஆகஸ்டில் சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். கைதானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்பது நம் காதிலும் விழ வேண்டிய செய்தி. சில நாளில் மைசூர் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: மாலை 6.30-க்கு மேல் மாணவிகள் மானசகங்கோத்ரி வளாகத்தில் தனியாக நடமாடக் கூடாது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த 6.30 என்கிற கணக்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமலே வீட்டுக்கு வீடு இருக்கிறது. கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு, லைப்ரரி எத்தனை மணிக்கு மூடும் என்பதெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண்ணுக்கு இரண்டாம் பட்சம். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அவளுடைய பாடத்திட்டம். பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவிகளிடம் கண்டதும் இதுவே. பாதுகாப்பான வழி என்றால், தரத்தில் முதல் வரிசைக் கல்லூரியை விட்டுவிட்டுப் பின்வரிசைக் கல்லூரியில் சேரவும் பெண்கள் தயாராக இருந்தார்கள். பையன்கள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

படிப்புக்கு உள்ளது வேலைக்கும் உண்டு. 2020 ஜூனில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டபோது சுமார் 1,200 பேர், பெரும்பாலும் பெண்கள், வேலையிழந்தார்கள். வாசலிலேயே உட்கார்ந்து போராடினார்கள். பக்கத்து ஊரில் வேலை கிடைத்தாலும் ஷிப்டு முடிந்து வீடு வந்து சேரும் வழியைப் பார்த்த பிறகுதான் ஒரு பெண் 'சரி' என்று சொல்ல முடியும்.

இதற்கிடையே சாலை வேறு மாறிவிட்டது. 2023 மார்ச் 12 அன்று பிரதமர் மண்டியாவில் திறந்துவைத்த 118 கிலோமீட்டர் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை, வழியில் இருக்கும் ஊர்களைப் புறவழியில் ஒதுக்கிவிட்டுப் போகிறது. ஸ்ரீரங்கப்பட்டணமும் அவற்றில் ஒன்று. காருக்கு நல்ல காலம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மட்டும் ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டு ஏற வேண்டியிருக்கிறது. கேட்காமல் நான்-ஸ்டாப் வண்டியில் ஏறினால் அது ஊரின் ஓரமாகக் கடந்து போய்விடும். பழைய சாலையில் போகும் சாதாரண வண்டிதான் துணை. அது இரவு ஏற ஏற அருகிப்போகும். ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும், நிமிஷாம்பா கோயில் இருக்கும் கஞ்சாமுக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆட்டோவை நம்ப வேண்டும்.

ரயிலும் இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே, ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன். இந்தத் தடத்தை இரட்டைப் பாதை ஆக்கக் குறுக்கே நின்ற திப்பு காலத்து வெடிமருந்துக் கிடங்கை, சுமார் 1,000 டன் கட்டடத்தை, 2017-இல் அலுங்காமல் நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். நடைமேடை முனையில் ஒரு விளக்குப் போடுவது அதைவிடக் கடினமான பொறியியல் இல்லை.

ரயில்வே சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு, 139. ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ, டிக்கெட் இல்லை என்பதற்காகக் கண்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது. அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், வண்டி முடியும் இடம், மாவட்டத் தலைநகர் ஆகியவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் ஜங்ஷனும் இல்லை, மாவட்டத் தலைநகரும் இல்லை. ஆகவே டிக்கெட் எடுக்காமல் தனியாக வரும் பெண்ணை இங்கே இறக்கச் சட்டம் இடம் தராது. (ரயில்வே உதவி எண்ணும் 139 என்பது தற்செயல், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.) 1989-இல் அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குப் பயணத்தில் எந்த இடம் ஆபத்தானது என்று தெரிந்திருக்கிறது.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1996 முதல் இருட்டிய பிறகு பெண்கள் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, தங்களுக்குப் பக்கமான இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் 2022-இல் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களும் முதியோரும் கேட்ட இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. மைசூர்–மண்டியா பழைய சாலையில் இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம். தெரிந்த டிரைவர் கேட்டால் நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார். புதிதாக வரும் பெண்ணுக்குக் கேட்கக் கூச்சம். புது டிரைவருக்கு மேலதிகாரி மேல் பயம். ஓர் உத்தரவு இருந்தால் இரண்டும் தீரும். கூடவே, மைசூர், மண்டியா பஸ் நிலையங்கள் இரண்டிலும் ஸ்ரீரங்கப்பட்டணம் ஊருக்குள் வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கன்னடத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்து, அந்த வண்டியை மட்டுமாவது ஒரு நாளும் ரத்து செய்யாமல் விட்டால், ஆறரை மணிக்குப் புத்தகத்தை மூடும் பெண் எட்டு மணி வரை லைப்ரரியில் உட்காரலாமா என்று வீட்டில் பேச்சையாவது எடுப்பாள்.