மாறாத தூரம், நீளும் பயணம்: ஹெல்சின்கி–டோக்கியோ வான்வழி

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் தலைநகர் டோக்கியோ வரையான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை பயணிகள் விமானங்கள் இதைச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தன. அதன் பின்னர் இதே பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாக நீண்டுவிட்டது.

யுக்ரெய்ன் மீது ரஷ்யா படையெடுத்ததைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தனது வான்பரப்பை மூடியது. மறுநாளான பிப்ரவரி 28ஆம் தேதி, 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்யாவும் தடை விதித்தது.

இதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. தனது வான்பரப்பின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்பது 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதி. விமானங்கள் பிற நாடுகளைக் கடந்து செல்ல வகைசெய்யும் தனி ஒப்பந்தம் ஒன்றும் அதே ஆண்டில் உருவானது. ஆனால் ரஷ்யா அதில் இணையவில்லை. சைபீரியாவைக் கடக்க ஐரோப்பிய நிறுவனங்கள் நீண்டகாலமாக ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்குக் கட்டணம் செலுத்தி வந்ததற்கும் இதுவே அடிப்படை.

பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா செல்லும் குறுக்குவழியில் ஹெல்சின்கி அமைந்திருப்பதையே ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் தனது வணிகத்தின் மூலதனமாகக் கொண்டிருந்தது. ரஷ்யா மூடியது அந்தக் குறுக்குவழியைத்தான்.

2022 மார்ச்சில் ஃபின்ஏர் டோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது, விமானம் வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கமாக இறங்கி ஜப்பானை அடைந்தது. மற்றொரு வழி தெற்கே கஸகஸ்தான், சீனா, கொரியா வழியாகச் செல்கிறது. காற்றின் போக்கைப் பார்த்தே வழி தெரிவு செய்யப்படுகிறது. எதுவானாலும் எரிபொருள் கூடுதல், விமானிகள் கூடுதல், ஏற்றக்கூடிய சரக்கோ குறைவு.

துருவவழி இந்நிறுவனத்துக்குப் புதிதல்ல. பனிப்போர்க் காலத்தில், 1983ஆம் ஆண்டு, சோவியத் வான்பரப்பைத் தவிர்ப்பதற்காகக் கூடுதல் எரிபொருள் தாங்கிகள் பொருத்திய டிசி-10 விமானத்தில் அது டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறந்தது. அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான். நாற்பதாண்டுக் கால எஞ்சின் முன்னேற்றத்தை ஓர் அரசியல் முடிவு ஒரே நாளில் ஈடுகட்டிவிட்டது எனலாம். துருவத்தைக் கடந்ததற்கான சான்றிதழ் 2022இலும் பயணிகளுக்கு வழங்கப்பட்டது. அது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் அளித்தது என்பது வேறு விடயம்.

இதனிடையே, ரஷ்யாவின் தடைக்கு உள்ளாகாத சீன நிறுவனங்கள் ஐரோப்பாவுக்குப் பழைய நேர்வழியிலேயே பறந்து வருகின்றன. அவற்றின் பயண நேரமும் செலவும் குறைவு. நியாயமற்ற போட்டி இது என ஐரோப்பிய நிறுவனங்கள் முறையிடுகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தனது லண்டன்–பெய்ஜிங் சேவையை நிறுத்தியது. ஃபின்ஏரோ, ஆசிய வழிகளில் பயன்படுத்த முடியாத தனது விமானங்களில் சிலவற்றை 2023இல் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு அனுப்பியது.