டெலி லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்குள் அடுத்து வருவது பெரும்பாலும் கேமரா. கேமரா வந்து ஆறு மாதம் ஆனதும் "இந்த லென்ஸ் போதாது, பெரிய டெலி லென்ஸ் வேண்டும்" என்ற ஆசை வரும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவது டெலி லென்ஸ். கேமராவோடு சேர்த்துத் தரும் சாதாரண டெலி லென்ஸுக்கும், தொழில்முறைக் கலைஞர்கள் வைத்திருக்கும் லென்ஸுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்தப் பணம் தகுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் இன்னும் தெளிவாக இருக்கும் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் என்றால் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மானிட்டரில் எவ்வளவு தெரியும்?

உங்கள் கேமரா 24 மெகாபிக்ஸெல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். வீட்டில் பலர் வைத்திருக்கும் ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில் 1920 x 1080, ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள்தான். பன்னிரண்டு புள்ளிகளைச் சுருக்கி ஒன்றாகத்தான் மானிட்டர் காட்டுகிறது. விலை குறைந்த லென்ஸின் லேசான மங்கல் இந்தச் சுருக்கத்திலேயே மறைந்துவிடும்.

படத்தின் நடுப்பகுதியை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று வெட்டி எடுத்தாலும் 60 லட்சம் புள்ளிகள் மிஞ்சும். அதுவே மானிட்டருக்கு மூன்று மடங்கு. 250 மி.மீ. லென்ஸில் எடுத்து இப்படி வெட்டினால், 500 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே அளவு காட்சி கிடைக்கும். ஆனால் 12 x 18 அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போடுவதென்றால் ஏறக்குறைய 2 கோடி புள்ளிகள் வேண்டும். அப்போது வெட்டுவதற்கு இடமில்லை.

பணம் எங்கே போகிறது?

லென்ஸின் மேல் எஃப்/2.8, எஃப்/5.6 என்று எழுதியிருப்பார்கள். எண் சிறியதானால் துவாரம் பெரியது. எஃப்/5.6 விடும் வெளிச்சத்தைப் போல 4 மடங்கை எஃப்/2.8 உள்ளே விடும். அதற்குப் பெரிய கண்ணாடிகள் வேண்டும். கேனன் 2013ல் வெளியிட்ட 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸின் எடை 375 கிராம். அதே கம்பெனி 2010ல் வெளியிட்ட 70-200 எஃப்/2.8 ஐ.எஸ். இரண்டாம் வகையின் எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோ. விலையும் அந்தக் கண்ணாடியில்தான் ஏறுகிறது.

கை ஆட்டம் வேறு, ஆள் அசைவது வேறு

ஜூம் செய்யச் செய்ய நம் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். இதைக் குறைக்கும் வசதியைக் கேனன் ஐ.எஸ். என்றும், நிகான் வி.ஆர். என்றும் குறிப்பிடுகின்றன. நிகானின் 70-300 ஏ.எஃப்-பி டி.எக்ஸ். லென்ஸ் வி.ஆர். உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாக வந்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேனனின் 75-300 மூன்றாம் வகையில் ஐ.எஸ். கிடையாது. பெட்டியில் இந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்த வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும். எதிரே ஓடும் குழந்தையையோ, தாலி கட்டும் மாப்பிள்ளையின் விரல்களையோ நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும். வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். எஃப்/5.6ல் நொடியில் 60ல் ஒரு பங்கு கிடைக்கும் இடத்தில், எஃப்/2.8ல் 250ல் ஒரு பங்கு கிடைக்கும். விலை உயர்ந்த லென்ஸ் தரும் உண்மையான லாபம் இதுதான்.

சங்கராபுரத்தில் ஒரு கணக்கு

எங்கள் ஊர் சங்கராபுரத்தில் என் சித்தப்பா மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறான். "அம்மாவோட சங்கிலியை அடகு வச்சு, பழைய 70-200 எஃப்/2.8 லென்ஸ் ஒண்ணு வாங்கிடலாமாண்ணா?" என்று கேட்டான். கடைக்காரரைக் கேட்பதைவிட உன் ஹார்ட் டிஸ்க்கைக் கேள் என்றேன்.

ஒரு சீஸனில் அவன் வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தினோம். பெரும்பாலானவை மண்டபத்துக்குள் எடுத்தவை. ஆட்கள் அசைந்ததால் வீணானவை. 200 மி.மீ.க்குப் பக்கத்தில் எடுத்தவை மிகக் குறைவு. பெரும்பாலும் 80லிருந்து 100 மி.மீ.க்குள்தான். அப்படியானால் அவனுக்குத் தேவை பெரிய ஜூம் அல்ல, வெளிச்சம். அதற்கு ஜூம் இல்லாத 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போதும். எஃப்/4.5 உடன் ஒப்பிட்டால் இது 6 மடங்கு வெளிச்சம் விடும். விலையோ அந்தப் பெரிய லென்ஸில் ஒரு சிறு பங்கு.

குறையும் உண்டு. ஜூமுக்குப் பதில் நாம்தான் நடக்க வேண்டும். எஃப்/1.8ல் பெண் முகம் தெளிவாக விழுந்தால் மாப்பிள்ளை முகம் மங்கலாகலாம். கொஞ்சம் குறைத்து எஃப்/2.5 வைக்க வேண்டும். பெரிய லென்ஸ் கட்டாயம் தேவைப்படும் கல்யாணத்துக்கு ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வாடகை கொடுக்கும் அளவுக்கு வேலை வந்தால், அப்போது வாங்குவதுதான் சரி. சங்கிலி பீரோவிலேயே இருக்கிறது.

நீங்களே பார்க்கலாம்

படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். எஃப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட், ஃபோகல் லென்த் எல்லாம் இருக்கும். கேமராவிலிருந்து நேராக எடுத்த ஃபைலைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததில் இந்த விவரங்கள் இருக்காது. வீணான 100 படங்களை இப்படிப் பார்த்தால் உங்களுக்குக் குறைவது வெளிச்சமா, தூரமா, கை நிதானமா என்பது தெரிந்துவிடும்.

தூரம்தான் குறை என்றால்?

பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு இது நியாயமான செலவு. பறவை நம்மை நெருங்க விடாது. வெட்டி எடுப்பதற்கும் எல்லை உண்டு. ஆனால் கல்வராயன் மலையில் மத்தியான வெயிலில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பதை எடுத்தால், இடையில் உள்ள சூடான காற்று படத்தைக் கலக்கிவிடும். எந்த விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. காலையில் போய், பக்கத்தில் போய் எடுப்பதற்குச் செலவே இல்லை.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், நம் நாட்டின் காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். 1970ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வைத்திருந்தது ஒரு கம்பெனி கேமராவில் வேறு கம்பெனி டெலி லென்ஸைத் தானே பொருத்திக்கொண்ட கருவி. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயர். விலங்கு எப்போது எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது கடையில் கிடைப்பதல்ல.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் செகண்ட் ஹேண்டையும் பாருங்கள். மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களைப் பலர் விற்கிறார்கள். கேனன், நிகான் இரண்டுமே அவற்றை மிரர்லெஸ்ஸில் பொருத்த அடாப்டர் தருகின்றன. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம்.

வீணான படங்கள் எதுவும் பெரிய லென்ஸைக் கேட்கவில்லையா? அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, எடுத்த படங்களுக்கு இன்னொரு காப்பி வைத்துவிடுங்கள். லென்ஸை அடுத்த வருடமும் வாங்கலாம். அழிந்துபோன கல்யாணப் படத்தை மறுபடி எடுக்க முடியாது.