விழுந்தவர் பெயரைத் தாங்கும் வளைவுகள்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்க.

எங்கள் துறையின் கருத்தரங்கில் சென்ற வாரம் மாண் தீவின் இடப்பெயர்களைப் பற்றிப் பேசினேன். பேச்சின் நடுவே, அத்தீவின் மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பந்தயமிட்ட தொடக்கக்கால வீரர்கள் பின்னாளில் சொல்லிவைத்த நினைவுகளைச் சான்றாகக் காட்டினேன். மூத்த பேராசிரியர் ஒருவர், "கிழவர்களின் வீரக்கதைகளை மொழியியல் எப்போது முதல் சான்றாக ஏற்கிறது?" என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துவைத்தேன். சொல்லியிருக்க வேண்டிய விடை, வழக்கம்போல, விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் உருக்கொண்டது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தப் பொருளுக்குள் நான் நுழைந்த வாசல் வேடிக்கையானது. 2020 ஏப்ரலில் நம் டி.வி.எஸ். நிறுவனம் நார்ட்டன் என்ற பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை வாங்கியது. ஊரடங்கில் வேறு வேலையின்றி நார்ட்டனின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ரெம் ஃபவுலர் என்பவரைச் சந்தித்தேன். 1907 மே 28 அன்று மாண் தீவில் நடந்த முதல் டூரிஸ்ட் டிராஃபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், பெஜோ எஞ்சின் பூட்டிய நார்ட்டன் வண்டியில் ஓடி, இரட்டை உருளைப் பிரிவில் வென்றவர் அவர்.

பந்தயம் ஏன் அத்தீவுக்குப் போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் பிரிட்டனின் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் வேகம் கூடாது என்று விதித்தது. மாண் தீவுக்கோ தனி நாடாளுமன்றம் உண்டு. அது 1904இல் சட்டமியற்றிப் பொதுச் சாலைகளைப் பந்தயத்துக்காக மூட வழிசெய்தது. கார்கள் முதலில் வந்தன, பிறகு ஆட்டோ சைக்கிள் கிளப் தன் உறுப்பினர்களோடு வந்தது. செயின்ட் ஜான்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கி மலைச்சரிவிலும் கடலோரத்திலும் வளைந்து திரும்பும், 16 மைலுக்குச் சற்றே குறைவான சுற்று. அதைப் பத்து முறை ஓட வேண்டும். களமிறங்கியவர் 25 பேர். ஐந்தாம் சுற்று முடிந்ததும் பத்து நிமிடக் கட்டாய ஓய்வு. செங்குத்தான ஏற்றங்களில் எஞ்சின் திணறினால் மிதிகட்டையை மிதித்து உதவலாம், இறங்கித் தள்ளிக்கொண்டும் ஓடலாம். அடுத்த ஆண்டே மிதிகட்டையைத் தடைசெய்துவிட்டார்கள்.

அன்றைய ஆவணம் சொல்வது இவ்வளவு: ஒற்றை உருளைப் பிரிவில் மாட்ச்லெஸ் வண்டி ஓட்டிய சார்லி காலியர் மணிக்கு 38.21 மைல் சராசரி வேகத்திலும், இரட்டை உருளைப் பிரிவில் ஃபவுலர் 36.22 மைல் வேகத்திலும் வென்றனர். ஃபவுலரின் நினைவு சொல்வது வேறு. அச்சத்தைத் தணிக்கப் பந்தயத்துக்கு முன் அவர் பாலும் பிராந்தியும் கலந்து குடித்தார். புழுதியை அடக்கச் சாலையில் தெளித்திருந்த அமிலக் கரைசல் ஓட்டுநர்களின் உடைகளைத் துளைத்தது. 'சாத்தானின் முழங்கை' எனப்படும் கடலோர வளைவை நெருங்கும்போது முன்சக்கர டயர் வெடித்தது. போதும், விட்டுவிடலாம் என்று அவர் எண்ணிய வேளையில், சாலையோரம் நின்ற யாரோ ஒருவர், நீதான் அரைமணி நேரம் முன்னால் இருக்கிறாய் என்று சொல்ல, டயரைச் சரிசெய்து மீண்டும் ஏறினார்.

இவற்றுள் எது சான்று? 36.22 என்ற எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் அமிலத்தின் எரிச்சல் இல்லை. முகந்தெரியாத அந்த மனிதரின் குரலும் இல்லை. பிற்காலத்தில் சொன்னதில் ஃபவுலர் சிலவற்றைக் கூட்டியிருக்கலாம். கூட்டியே இருக்கட்டும். மனிதர் எதைக் கூட்டிச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார், எந்த இடத்தில் ஊர்ப்பெயரைச் சொல்கிறார், எந்த இடத்தில் 'அங்கே' என்று மட்டும் சொல்லிக் கடக்கிறார் என்பதெல்லாம் நம் துறைக்கு உரிய கேள்விகள் அல்லவா? ஃபவுலர் டயர் வெடித்த இடத்தைப் பெயரோடு சொல்கிறார். உதவியவரின் பெயர் அவருக்குத் தெரியாது. இடம் நினைவில் நின்றது, ஆள் குரலாக மட்டும் நின்றார்.

1911இல் பந்தயம் ஸ்னேஃபெல் மலைச் சுற்றுக்கு மாறியது. ஏறத்தாழ 37 மைல், இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். மலைமேல் அன்றிருந்தது வண்டித்தடம் பதிந்த மண்பாதை. ஆடுகள் வெளியேறாதிருக்கக் குறுக்கே கேட்டுகள். பயிற்சி நாள்களில் விடியலில் முதலில் மேலேறுகிறவர் இறங்கி அவற்றைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. 'கெப்பல் கேட்' இன்று பெயரில் மட்டுமே கேட். அந்த ஏற்றம் தோல் பட்டையால் சக்கரத்தைச் சுழற்றும் வண்டிகளைச் சோதித்தது, பட்டை வழுக்கியது. சங்கிலியும் இரண்டு கியரும் கொண்ட வண்டிகள் முந்தின. அவ்வாண்டு சீனியர் பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் 'இந்தியன்' பிடித்தது என்று முதன்முறை படித்தபோது நெஞ்சு ஒரு கணம் விம்மியதை ஒப்புக்கொள்கிறேன். அது அமெரிக்க நிறுவனத்தின் பெயர் என்பது அடுத்த வரியில்தான் தெரிந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். அச்சாலையின் பெயர்கள் மண் அடுக்குகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. ஸ்னேஃபெல் என்பது வைக்கிங் மக்கள் விட்டுச்சென்ற நார்ஸ் சொல், பொருள் பனிமலை. அதன்மேல் மாங்க்ஸ் மொழி. குரோங்க் இ வோடி என்றால் நாயின் குன்று. குரோங்க் நி மோனா என்பது கரியாக எரிக்கும் புல்மண் வெட்டும் குன்று. கிரெக் நி பா என்றால் பசுவின் பாறை. (ஆவின் பாறை என்று மொழிபெயர்க்கத்தான் ஆசை. பால் நிலையம் நினைவுக்கு வந்துவிடுகிறது.) அதற்கும் மேல் மூன்றாவதாக ஓர் அடுக்கு: பந்தயம் இட்ட பெயர்கள். என் பேச்சின் பொருள் இந்த மூன்றாம் அடுக்குதான்.

வென்றவர்களின் பெயர் கோப்பையில் பொறிக்கப்படும். சாலையோ, பெரும்பாலும், விழுந்தவர்களின் பெயரை ஏற்றது. 1923இல் வால்டர் பிராண்டிஷ் விழுந்து காலை முறித்துக்கொண்ட திருப்பம் பிராண்டிஷ் ஆயிற்று. பலமுறை வாகை சூடிய வால் ஹேண்ட்லியின் பெயர், 1932இல் அவர் வீழ்ந்த இடத்துக்கே வந்தது. ஜிம்மி கத்ரி 1937இல் வண்டி பழுதாகி நின்றுபோன மலைவெட்டு, அதே ஆண்டு ஜெர்மானியப் பந்தயத்தில் அவர் இறந்த பிறகு, அவர் நினைவிடமாயிற்று. கிளப் தோழர்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கையாகச் சொல்லிக்கொண்ட பெயர்கள் இவை: 'பிராண்டிஷில் பார்த்துப் போ.' பெயரே அறிவுரை. எந்த வேகத்தில் நுழையக் கூடாது என்பதை அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

இவற்றுள் என்னை மிகவும் அலைக்கழித்த பெயர் பிர்கின்ஸ் பெண்ட். அக்காலத்தில் பந்தய நாளன்றுதான் சாலை மூடப்படும். பயிற்சியெல்லாம் அதிகாலையில், திறந்த சாலையில், ஊர்மக்களின் வண்டிகளுக்கு நடுவே. 1927இல் ஆர்ச்சி பிர்கின் கிர்க் மைக்கேல் ஊரருகே பயிற்சியில் வந்துகொண்டிருந்தார். எதிரே மீன் வண்டி. விலக முயன்று மோதி இறந்தார். மறு ஆண்டிலிருந்து பயிற்சிக்கும் சாலையை மூடினார்கள். ஒரு விதி பிறந்த கதையை ஒற்றைப் பெயர் சுமந்துகொண்டிருக்கிறது. மீன் வண்டி ஓட்டியவரின் பெயரைப் பந்தயக் குறிப்புகளில் நான் கண்டதில்லை. அவர் தம் நாளாந்தப் பிழைப்புக்கு, தம் ஊர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்.

ஆகவே நினைவு நியாயமானது என்று நான் வாதிடவில்லை. 1911இல் கிளென் ஹெலன் அருகே பயிற்சியில் இறந்த விக்டர் சரிட்ஜ் அப்பந்தயத்தின் முதல் பலி. வளைவுப் பெயர்களில் அவர் இல்லை. பெயரிடும் நினைவுக்குப் பாரபட்சம் உண்டு. அந்தப் பாரபட்சத்தை ஆராய வேண்டுமானால் முதலில் நினைவைச் சான்றாக ஏற்றாக வேண்டும். சிரித்துத் தள்ளினால் அதுவும் போயிற்று.

இதே ஆண்டுகளில் அதே தீவில் இன்னொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மாங்க்ஸ் பேசியோர் 4,419 பேர். பந்தயம் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1909இல், ருடால்ஃப் டிரெபிட்ஷ் என்ற ஆஸ்திரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவுக்கு வந்து முதியோரின் குரலைப் பதிந்தார். 1929 முதல் நார்வே மொழியியலாளர் கார்ல் மார்ஸ்ட்ராண்டர் மெழுகு உருளைகளோடு வந்தார். 1948இல் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் வந்தது. தாய்மொழியாக அதைப் பேசிய கடைசி மனிதர் எனப்பட்ட மீனவர் நெட் மேட்ரல் 1974 டிசம்பரில் மறைந்தார். கிரெக் நி பா என்ற சொல்லை ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் உச்சரித்தார்கள். அதில் பசு இருப்பதை அறிந்தோர் அருகிக்கொண்டே போயினர். பந்தயம் ஒலியைக் காத்தது, பொருள் அதன் கையிலிருந்து நழுவியது. 2009இல் யுனெஸ்கோ மாங்க்ஸை அழிந்த மொழி என்று குறித்தபோது, செயின்ட் ஜான்ஸில் உள்ள மாங்க்ஸ் வழிப் பள்ளியின் குழந்தைகள் அந்த மொழியிலேயே கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். வகைப்பாடு திருத்தப்பட்டது. ஃபவுலர் புறப்பட்ட அதே செயின்ட் ஜான்ஸ்.

அண்மைக்காலப் பெயரிடலைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2013இல், வாழும் வீரர்களான மெக்கின்னஸ், மாலினோ ஆகியோரின் பெயர்கள் இரு வளைவுகளுக்குச் சூட்டப்பட்டன. சாதனைக்கு உரிய மரியாதைதான், மறுப்பில்லை. ஆயினும் குழு கூடிச் சூட்டும் பெயரும், விடியற்பயிற்சியில் தேநீர்க் கோப்பையோடு ஒருவர் மற்றவரிடம் சொல்லச் சொல்லப் பழுத்த பெயரும் ஒரே வகையாக எனக்குத் தோன்றவில்லை. முன்னது விருது. பின்னது வழக்கு. அம்மலைச்சுற்றில் இதுவரை 250க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். உலக வாகைப் போட்டித் தகுதியை அது 1976க்குப் பின் இழந்ததற்கும் இந்த இறப்புகளே காரணம். இவ்வளவு சாவு கண்ட சாலையில் விருதுப் பெயர்கள் பெருகப் பெருக, எச்சரிக்கைப் பெயர்களின் குரல் அமுங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். பந்தயத்தை நடத்தலாமா கூடாதா என்ற விவாதத்தை வேறு தகுதியுடையோர்க்கு விட்டுவிடுகிறேன்.

பேராசிரியரின் கேள்விக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று நான் வாயடைத்துப் போனதற்கு வேறு காரணமும் உண்டு.

என் பெரியப்பா மேற்குத் தொடர்ச்சி மலைச்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். நம் மலைச்சாலைகளில் வளைவுகளுக்கு நெடுஞ்சாலைத் துறை எண்தான் இடும்: கொண்டை ஊசி வளைவு, இத்தனையில் இத்தனையாவது. ஓட்டுநர்களோ எண்ணைச் சொல்வதில்லை. சிறுவயதில் அவர் இருக்கைக்குப் பின்னால் நின்றபடி கேட்டவற்றுள் இரண்டு மட்டும் நினைவிருக்கின்றன: 'வாத்தியார் வளைவு', 'மூங்கில் லாரி திருப்பம்'. வாத்தியார் யாரென்று கேட்டேன். "ஸ்கூட்டர்ல போனாருடா, பனி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஹாரன் அடித்தார். இன்னும் பல பெயர்கள் இருந்தன. ஆய்வு உதவித்தொகை வந்த முதல் மாதமே ஒலிப்பதிவுக் கருவி வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு வேறு மாநிலத்தின் வேறொரு மொழியைத் தேடிப் போனேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுத்த விடுமுறையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளாகின்றன.

அவரோடு நெடுங்காலம் நடத்துநராக இருந்தவர் மலையடிவாரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நேற்று முன்தினம் எண் கிடைத்துப் பேசினேன். காது சரியாகக் கேட்கவில்லை; மூன்று முறை உரக்கச் சொன்ன பிறகே இன்னார் தம்பி மகன் என்று விளங்கிற்று. பொங்கலுக்கு வருகிறேன், அந்த வளைவுகளின் பெயர்களையெல்லாம் சொல்ல வேண்டும் என்றேன். "அதுக்கெதுக்கு தம்பி வீட்ல உக்காந்துகிட்டு? காலையில ஆறே கால் வண்டி மேல போகுது. அதுல ஏறிக்குவோம். வளைவு வந்தாத்தானே ஞாபகம் வரும்" என்றார்.