கம்பெனிச் சாமானா, வெளிச் சாமானா?

வெள்ளிக்கிழமைக் காலையில் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குள் போய்த் திரும்புவதென்றால் சாமர்த்தியம் வேண்டும். பூக்கடை நெரிசல் ஒரு பக்கம், காய்கறிக் கூடைகள் மறு பக்கம். அத்தனையையும் தாண்டி என் சிநேகிதி ஒரு பாத்திரக் கடையில் நின்று, குக்கருக்கு கேஸ்கட் வாங்கினாள்.

வாங்கினாள் என்றா சொன்னேன்? பரீட்சையே நடத்தினாள்! கடைக்காரர் நீட்டிய ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், உறையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

“பேரு கம்பெனி பேரு மாதிரியே இருக்கு. ஆனா நடுவுல ஒரு எழுத்து இடிக்குதே, அண்ணே!” என்றாள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

பையும் கையுமாக வண்டிக்குத் திரும்பினோம். ஒன்பது வருஷத்துப் பழைய கார். அதற்கு அடியில் சிவப்பாக ஒரு சின்னக் குளம்! தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் பானெட்டைத் திறந்து, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“வாட்டர் பம்ப் ஒழுகுதும்மா. மாத்தியே ஆகணும். கம்பெனி பம்ப்பே போடவா, இல்லே வெளியில வாங்கிப் போடவா? கம்பெனின்னா வெலை டபுளுக்கு மேலே. அதுவும் வர ரெண்டு நாள் ஆகும்.”

கேஸ்கட்டுக்குப் பரீட்சை வைத்தவள் இப்போது வாயடைத்து நின்றாள். “எனக்கென்ன தெரியும்? அவரைக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றாள். அவரோ பிரான்சில் இருக்கிறார். அங்கே அப்போது பொழுது கூட விடியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் மாமியாரை டயாலிஸிஸுக்கு அழைத்துப் போயாக வேண்டும். வாரம் மூன்று நாள் அந்த வண்டியை நம்பித்தான் அந்த வீட்டில் ஓர் உயிர் இருக்கிறது.

சகோதரிகளே, இந்தக் கேள்வி நாளைக்கு உங்களிடமும் வரலாம். கேஸ்கட் வாங்கத் தெரிந்த உங்களுக்கு வாட்டர் பம்ப் வாங்கத் தெரியாமல் போகாது. விஷயம் இதுதான்.

எஞ்சினில் பெட்ரோல் எரிந்து உண்டாகிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. மிச்சத்தின் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற திரவம் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்ற வேண்டும். அந்தத் திரவத்தை ஓயாமல் தள்ளுகிற வேலைதான் வாட்டர் பம்ப்புக்கு. உள்ளே துடுப்புப் போல ஒரு சிறு சக்கரம், அதைத் தாங்கும் தண்டு, பேரிங், ஒழுகாமல் அடைக்க ஒரு சீல், இவ்வளவுதான் பம்ப்.

நல்லதற்கும் மட்டத்திற்கும் வித்தியாசம் இந்த நாலிலும் இருக்கிறது. மட்டமான சாமானில் சீல் சீக்கிரம் தேய்ந்து ஒழுகும். பேரிங் ஊளையிடும். சக்கரத்தின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் போதிய அளவு தள்ளாது. வண்டி வேகமாக ஓடும்போது தெரியாது. நேரு வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூடு ஏறும். ஏறினால் என்ன? எஞ்சினுக்குள்ளும் ஒரு கேஸ்கட் இருக்கிறது. அது கருகி, மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்து போனால், பம்ப்பில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு செலவு!

“அப்படியானால் கம்பெனிச் சாமானே வாங்கிவிட்டால் போயிற்று” என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

கடையில் இருப்பது இரண்டு ரகம் அல்ல, நான்கு ரகம். முதலாவது, கார் கம்பெனியின் பெட்டியில் வருவது. கார் கம்பெனிகள் எல்லாச் சாமானையும் தாமே செய்வதில்லை. பலவற்றை வேறு தொழிற்சாலைகளில் செய்து வாங்குகின்றன. அந்தத் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது ரகம். உதாரணமாக, டொயோட்டா வண்டிகளுக்குப் பம்ப் செய்து கொடுக்கும் ஜப்பானிய நிறுவனமான ஐசின், தன் பெயரிலேயே வெளிச்சந்தையிலும் பம்ப் விற்கிறது. மூன்றாவது, கார் கம்பெனிக்குக் கொடுக்காமல் வெளிச்சந்தைக்கென்றே செய்கிறவர்கள். இவர்களில் பெயர் காப்பாற்றுகிறவர்களும் உண்டு, காப்பாற்றாதவர்களும் உண்டு. நான்காவது, அச்சு அசலாகக் கம்பெனிப் பெட்டி போலவே வரும் போலி. நம் கேஸ்கட்டின் ‘இடிக்கிற எழுத்து’ ரகம்! இதை மட்டும் ஓசியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இரண்டாவது ரகம் ஏன் சுலபமாகக் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. கார் கம்பெனிகள் தமக்குச் சாமான் செய்து கொடுப்பவர்களை நேராகச் சந்தையில் விற்கவிடாமல் தடுக்கின்றன என்று 2011-ல் புகார் எழுந்தது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்டு 25-ல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது வேறு விஷயம். ‘வெளிச் சாமான்’ என்றாலே ‘மட்டச் சாமான்’ என்று நாம் நினைக்கப் பழகியதில் யாருக்கு லாபம் என்பது அந்த வழக்கில் தெரிந்தது.

சரி, தீர்மானிப்பது எப்படி? மெக்கானிக்கிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது?”

சில எஞ்சின்களில் பம்ப்பைச் சுழற்றுவது உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட். அதை மாற்ற எஞ்சினின் முன்பக்கத்தையே அவிழ்க்க வேண்டும். பம்ப் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். பம்ப் இறுகி பெல்ட் அறுந்தால் எஞ்சினே பாழாகலாம். இங்கே பேரம் வேண்டாம். முதல் ரகம் அல்லது இரண்டாவது ரகம்தான். பெல்ட்டையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை முடியும். பம்ப் வெளியே, சாதாரண பெல்ட்டில் ஓடுகிறதா? வண்டியும் பழையதா? அப்போது பெயர் தெரிந்த வெளிச் சாமான் தாராளமாகப் போதும். வாரன்டி முடியாத புது வண்டி என்றால் யோசனையே வேண்டாம். கம்பெனி சர்வீஸுக்கே விட்டுவிடுங்கள்.

பிறகு உங்கள் கேஸ்கட் பரீட்சை! பெட்டியில் செய்தவர் பெயர், விலாசம், செய்த மாதம், வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும், இது சட்டம். பழைய பம்ப்பைக் கழற்றியதும் அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளைகளும் துடுப்புகளின் உயரமும் ஒத்திருக்கிறதா? தண்டைச் சுற்றினால் கரகரப்பு இல்லாமல் சுழல்கிறதா? ஆடுகிறதா? முக்கியமாக, பில் வாங்குங்கள். ஹோலோகிராம் முத்திரையையும் போலி செய்கிறவர்கள் உண்டு; பில் எழுதிக் கொடுக்கத்தான் அவர்கள் தயங்குவார்கள். ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லும்போதும் அந்தக் காகிதம்தான் உங்களுக்குச் சாட்சி.

இன்னும் இரண்டு வார்த்தை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். குளிக்கும் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு எஞ்சினுக்குள்ளும் படியும். எந்த உசத்திப் பம்ப்பையும் கெடுக்கும். வண்டியின் புத்தகத்தில் சொன்ன கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். அது விஷம், ஆனால் இனிக்கும். குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். சூட்டு முள் ஏறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடு ஆறும் முன் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரில் ஆவி அடங்குமுன் திறப்போமா?

என் சிநேகிதி என்ன செய்தாள் என்று சொல்லவில்லையே! மேற்சொன்ன கேள்வியைக் கேட்டாள். “வெளிப் பெல்ட்தாம்மா, ஒண்ணரை மணி நேர வேலை” என்றார் மெக்கானிக். மூவருமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் நீட்டியது பெயரே இல்லாத ஒரு பெட்டி. விலை மிக மிகச் சல்லிசு. அவள் அதை ஒரு விரலால் திருப்பினாள்.

“விலாசம் இல்லாத வீட்டுல யாருண்ணே பொண்ணு எடுப்பாங்க?” என்றாள்.

கடை முழுவதும் சிரித்தது. பெயரும் விலாசமும் உள்ள பம்ப் வந்தது, பில்லும் வந்தது. கம்பெனிப் பம்ப்புக்கும் இதற்கும் இருந்த வித்தியாசத்தில் ஒரு புது பெல்ட்டும் கூலன்ட்டும் வாங்கினாள். மாலையில் ஏ.ஸி.யைப் போட்டு அரை மணி நேரம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தார் மெக்கானிக். முள் அசையவில்லை, சொட்டும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமியார் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதற்கு முன்பே பிரான்சிலிருந்து போன் வந்ததாம்: “வண்டி விஷயமா என்னமோ கேட்கணும்னு மெசேஜ் போட்டிருந்தியே?”

“கேட்கணும்னுதான் நெனச்சேன், அப்புறம் வேலையே முடிஞ்சு போச்சு!” என்றாளாம் இவள்.