டிரைவர் எங்கே தூங்குவார்?

சென்னையில் இருந்து ஒரு குடும்பம் கல்வராயன் மலைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. வாடகைக்கு ஒரு இன்னோவா. காலை நாலரைக்கு வண்டி வாசலில் நிற்கவேண்டும். அதற்கு டிரைவர் மூணு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, அங்கே சேலம் ரோட்டில் திரும்பி கள்ளக்குறிச்சி. சுமார் 250 கிலோமீட்டர். பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டினால் மலைப்பாதை. பெரியார் அருவியில் ஒரு குளியல், மேகம் அருவிக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒரு பட்டிமன்றம், கரியாலூரில் படகு, நடுவில் பாட்டிக்கு வாந்தி. எல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு ரூம் சாவியை வாங்கும்போது அப்பா திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்.

"அண்ணே, காலைல அஞ்சு மணிக்கு ரெடியா இருங்க. சன்ரைஸ் பாக்கணும்."

"சரிங்க சார்."

அவ்வளவுதான் உரையாடல். அந்த ஏழு மணி நேரம் அந்த அண்ணன் எங்கே இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. கல் நெஞ்சு என்றெல்லாம் இல்லை, அந்தக் கேள்வி மனசில் வருவதே இல்லை. பாட்டிக்கு வெந்நீர் கிடைக்குமா என்று விசாரித்த அதே ஆட்கள்தான்.

அவர் காரில்தான் இருப்பார். டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, காலை டேஷ்போர்டு மேல் போட்டு, கண்ணாடியை ரெண்டு இஞ்ச் இறக்கிவிட்டு (முழுக்க மூடினால் மூச்சு முட்டும், முழுக்கத் திறந்தால் கொசு), கீழே மிதியடி மேல் ஒரு கொசுவர்த்திச் சுருள். போர்வை என்பது லுங்கி. ஏ.சி. போடக்கூடாது, டீசலுக்குக் கணக்குக் கேட்பார்கள். காலையில் பல் தேய்க்க ஒரு வாட்டர் பாட்டில். மற்றதற்கு மரம், மறைவு, இருட்டு. மூணு மணிக்கு எழுந்த மனுஷனின் நாள் இப்படி முடிகிறது.

இதைப் படிக்கிறவர்கள் பாதிப்பேர் இப்படி ஒரு டூர் போய் வந்தவர்கள்தான். அதனால் கொஞ்சம் கோபமாகவே பேசலாம், தப்பில்லை.

முதலில் வெளிநாட்டுக் கதை ஒன்று. கோடீஸ்வரர்கள் வைத்திருக்கும் சொகுசுப் படகுகளை டிவியில் பார்த்திருப்பீர்கள். மேலே நீச்சல்குளம், ஹெலிகாப்டர் இறங்கும் தளம், பளிங்குக் குளியலறை. அதைத் துடைத்து, சமைத்து, ஓட்டுகிற ஊழியர்கள் பல படகுகளில் மூக்குப் பக்கம், அடித்தட்டில் தூங்குகிறார்கள். அடுக்குக் கட்டில், ரெண்டு பேருக்கு ஒரு பொந்து. ஒருத்தர் சட்டை மாட்டி முடிக்கும்வரை இன்னொருத்தர் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் கப்பல் தொழிலாளிக்காவது காகிதத்தில் ஒரு அளவு இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2006-ல் ஒரு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை போட்டது. 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது, இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதில் மாலுமியின் கட்டில் உள்ளளவு குறைந்தது 198 சென்டிமீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அறைக்குள் நிமிர்ந்து நிற்க 203 சென்டிமீட்டர் உயரம்.

இப்போது நம்ம இன்னோவா கிரிஸ்டாவுக்கு வருவோம். அதன் அகலம் 183 சென்டிமீட்டர். உள்ளே அல்ல, வெளிப்புற அகலமே அவ்வளவுதான். அதாவது கதவையெல்லாம் கழற்றிவிட்டு டிரைவர் குறுக்கே படுத்தாலும் அந்த மாலுமியின் கட்டில் நீளம் வராது. டிசையர், எட்டியாஸ் ஓட்டுகிறவர்கள் கதை வேண்டாம் விடுங்கள்.

சரி, அந்த உடன்படிக்கையால் சொகுசுப் படகு ஊழியர்கள் பிழைத்தார்களா? அங்கேதான் வேடிக்கை. வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களுக்குத்தான் அது செல்லும். வாடகைக்கு விடும் படகு உள்ளே வரும். முதலாளி தன் சொந்த உல்லாசத்துக்கு மட்டும் வைத்திருக்கும் படகு வெளியே. அதே கடல், அதே வேலை, அதே பொந்து. "இது என் சொந்த உபயோகம்" என்று சொன்னதும் சட்டம் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொள்கிறது.

நம்ம ஊரிலும் அச்சு அசல் இதே கதைதான். 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, ராத்திரி தங்க வேண்டிய இடத்தில் தொழிலாளிக்கு ஓய்வறை என்று அறுபது வருஷத்துக்கு முன்பே அழகாக எழுதி வைத்தார்கள். யாருக்கு? ஐந்து அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் வேலை செய்யும் நிறுவனத்துக்கு. ரெண்டு கார் வைத்து ஓட்டுகிற டிராவல்ஸ்காரர் வெளியே. கடனில் கார் வாங்கித் தானே ஓட்டுகிறவர் வெளியே. வீட்டுக் காருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிவிட்டுப் போகும் ஆக்டிங் டிரைவர், சொல்லவே வேண்டாம், மொத்தமாக வெளியே. சுற்றுலாப் பருவத்தில் மலை ஏறுகிற கார்களின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த "வெளியே" ஆட்கள்தான்.

இதில் தமிழக அரசு 2023-ல் ஒரு நல்ல காரியம் செய்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் டிரைவர்களுக்குத் தங்குமிடம் கட்டாயம் என்றது. வளாகத்துக்குள்ளோ 250 மீட்டருக்குள்ளோ இருக்கவேண்டும், கார் நிறுத்தும் இடம் ஒன்றுக்கு ஒரு கட்டில், 8 கட்டிலுக்கு ஒரு கழிப்பறை, குளியலறை. கட்டட விதியில் டிரைவருக்கு ஒரு கட்டில்! எத்தனை வருஷமாகக் காருக்கு மட்டும் நீளம் அகலம் போட்டுக் கோடு கிழித்துக் கொண்டிருந்தோம்.

ஆனால் விதி என்பது பிளான் அப்ரூவல் ஆபீஸில் உயிரோடு இருக்கிற ஜந்து. வீட்டின் மாடியை ரெண்டு ரூமாகத் தடுத்து ஹோம் ஸ்டே என்று போர்டு மாட்டினவரை, தோப்புக்குள் நாலு குடிசை போட்டு ரிசார்ட் என்கிறவரை அது எப்போது போய்ச் சேரும்? மலையில் தங்குமிடம் என்றாலே பெரும்பாலும் இந்த ரகம்தானே.

கல்வராயன் மலையைப் பற்றி இதில் தனியாகப் பேசக் காரணம் உண்டு. ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் எல்லாம் கட்டி முடித்த ஊர்கள். அங்கே டிரைவருக்கு இடம் கேட்டால் "இனிமே எங்க சார் கட்றது" என்பார்கள். கல்வராயன் மலை இன்னும் அப்படி ஆகவில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019-ல். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கப்புறம் மெதுவாக ஏறி வந்தவை. 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்த மலைமக்களின் நிலையை சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டி வந்தது. இனி ரோடு நன்றாகும், ஆகவேண்டும். ரோடு நன்றானால் பின்னாடியே ரிசார்ட் வரும். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் முதல் பில்லர் எழும்புவதற்கு முன்னால் டிரைவர் கட்டிலைப் பற்றிப் பேசினால்தான் உண்டு. கட்டி முடித்தபிறகு பேசினால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் கிடைக்கும்.

"பேட்டா கொடுக்கறோமே, அதுல ரூம் எடுத்துக்கலாமே?" இதுதான் எல்லாரும் எடுத்து வீசுகிற முதல் கல். நாளைக்கு 400, 500 ரூபாய் பேட்டா. அதில் மூணு வேளை சாப்பாடு, டீ. சீசன் நேரத்தில் மலையில் எந்த ரூம் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று சொன்னால் டிரைவர் என்ன, எல்லாருமே அங்கே போய்த் தங்கலாம் :-) பேட்டாவை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அவர் காரில் படுக்கிறார் என்பது நிஜம். அது நிஜம் என்பதால்தான் கட்டில் ஓட்டல் பொறுப்பில் இருக்கவேண்டும், அவர் பாக்கெட் பொறுப்பில் இருக்கக்கூடாது.

ரெண்டாவது கல்: "ஓட்டல்காரனுக்கு நஷ்டம்." கணக்குப் போடுவோம், காமர்ஸ் வகுப்பில் இதைவிடக் கஷ்டமான கணக்கெல்லாம் வரும். 20 ரூம் உள்ள ஒரு ஓட்டல். வருஷம் பூரா பாதி ரூம்தான் நிரம்புகிறது என்று கஞ்சத்தனமாக வைப்போம். ரூமுக்கு ராத்திரிக்கு 50 ரூபாய் வாடகை கூட்டினால் நாளைக்கு 500, வருஷத்துக்கு 1,82,500. எட்டுக் கட்டில் போட 400 சதுர அடியில் ஒரு ஹால், சதுர அடி 2,500 என்றால் 10 லட்சம். ஐந்தரை வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். மூவாயிரம் ரூபாய் ரூமில் ஐம்பது ரூபாய் ஏறினதை எந்தக் குடும்பம் கவனிக்கப்போகிறது? மினரல் வாட்டருக்கு அதைவிட அதிகம் பிடுங்குகிறார்கள்.

கணக்கு என்றதும் இன்னொன்று. வருமானவரி விதிகள் வாடகைக்கு ஓடும் காருக்கு 30 சதவீதம் தேய்மானம் கொடுத்து வந்திருக்கின்றன. ஓடி ஓடித் தேயும் என்பதால் சொந்தக் காரைவிட ரெண்டு மடங்கு. அதை ஓட்டி ஓட்டித் தேய்கிறவருக்கு பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி கிடையாது.

மூணாவது, "டிரைவருங்களே கார்லதான் படுக்கறேங்கறாங்க, கார் சேஃப்டிக்கு." ஆமாம், சொல்வார்கள். காரில் ஒரு கீறல் விழுந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வாட்ச்மேன் வேலையையும் சேர்த்து இலவசமாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

காரில் தூங்குவதில் சாவும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் ரெண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கூட வந்த ஊழியர். ஜெனரேட்டரில் இருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே முடித்துவிடும். கேரவன் என்றால் தரையில் ஓடும் சொகுசுப் படகுதான். அதில் பயணம் செய்கிறவர் இறங்கி ரூமுக்குப் போய்விடுவார். ராத்திரி அதில் மிஞ்சுகிறவர்கள் யார் என்று அந்த ரெண்டு சாவும் காட்டுகிறது.

இதெல்லாம் டிரைவர் பிரச்சினை என்று நினைத்தால், அந்தப் பாட்டியையும் பிள்ளைகளையும் மறுபடி வண்டியில் ஏற்றிப் பார்ப்போம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் கை, கண் வேகம் ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறினவருடையது மாதிரி மந்தமாகிவிடுகிறது என்று 1990-களிலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நம்ம நாட்டில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. மூணு மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் ராத்திரி எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் கொண்டை ஊசி வளைவு ஓட்டினார். பிறகு சீட்டில் அரைத் தூக்கம். அஞ்சு மணிக்கு சன்ரைஸ். அன்றைக்கே மலையிறங்கி, கள்ளக்குறிச்சி தாண்டி, ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை. உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் போலீஸ் ஊதச் சொன்னால் ஊதுவார், பூஜ்யம்தான் காட்டும். தூக்கத்தை ஊதிப் பார்க்க மெஷின் இல்லை.

அடுத்த லீவுக்கு கல்வராயன் மலையில் ரூம் புக் பண்ண போன் போடும்போது, வெந்நீர் வருமா, வைஃபை இருக்கா என்பதோடு சேர்த்து டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா, பாத்ரூம் இருக்கா என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்கிங் இருக்கு சார், ஷெட்டு போட்டது" என்றுதான் முதலில் பதில் வரும். காருக்குக் கேட்கவில்லை, ஓட்டுகிறவருக்கு என்று திரும்பவும் கேளுங்கள்.