ஆற்றுக்குக் கிரீடம் வைத்த சுவர்

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் சுற்றுச்சுவரில் மாணவிகள் படம் வரைந்திருக்கிறார்கள். ‘நம் மண்ணின் மகத்தான பெண்கள்’ என்று தலைப்பு. பெயிண்ட் செலவு நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கிக் கிளையுடையது. மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுக்கிற அதே கணக்கில் எழுதினார்கள், வவுச்சர் போட்டது நான். அந்தச் சுவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

சுவரில் யார் யார்? ஒரு டாக்டர். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த பெரிய வீட்டு அம்மா. ஒரு நாட்டியக்காரர். எல்லார் காலடியிலும் பெயர், பட்டம். ஓரத்தில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி. அவளுக்கு மட்டும் பெயர் கிடையாது, ‘உழைக்கும் பெண்’ என்று போட்டிருக்கிறது. சிரிக்க வேறு செய்கிறாள்! சுற்றிய பீடியைப் பாதிக்குப் பாதி கழித்துத் தள்ளுகிற பீடிக்கடைக்காரன் முன்னால் நின்றுவிட்டு வந்த எவளும் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நடுவில், எல்லாரையும்விட உயரமாகத் தாமிரபரணித் தாய். கிரீடம், ஒட்டியாணம், செக்கச்செவேல் என்ற தோல். இங்கேதான் வயிறு எரிகிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. போலீஸ் அடித்து விரட்டியதில் ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஆற்றுக்குள்ளும் விடவில்லை. செத்தது 17 பேர். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. பெரும்பாலோர் மூழ்கிச் செத்தார்கள் என்று எழுதிவிட்டு விசாரணைக் கமிஷன் எழுந்து போய்விட்டது. அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களுக்கு 2024-இல் விருப்ப ஓய்வு என்று சொல்லிக் கணக்கை முடித்தார்கள். யாருடைய விருப்பமோ! ஆற்றைப் பெண்ணாக்கிக் கும்பிடத் தெரிந்தவர்களுக்கு ஆற்றில் செத்த பெண்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

சரி, செத்தவர்களை விடுங்கள். சாகடிக்க வந்தும் சாகாத ஒருவர் பக்கத்திலேயே உண்டு. தாழையூத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்வரலாம். அங்கே ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி அருந்ததியர். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றார். 2011 ஜூனில் ஆட்டோவில் வீடு திரும்பியவரை மறித்து வெட்டினார்கள். உடம்பெல்லாம் வெட்டு, பிழைத்தெழுந்தார். மகத்துவம் என்றால் இதைவிட என்ன வேண்டிக்கிடக்கு?

படம் வரைந்த பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். “அக்கா, நாங்க அவங்க பேரையும் எழுதித்தான் குடுத்தோம். சாதிப் பிரச்சினை ஆயிரும்னு எச்.ஓ.டி. மேடம் அடிச்சிட்டாங்க” என்றாள். ஆக, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அடித்தது மேலே உட்கார்ந்திருக்கிற பேனா. ஒரு அருந்ததியப் பெண் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததைச் சகிக்காமல் வெட்டியது பிரச்சினை இல்லையாம், அவள் முகத்தைச் சுவரில் போடுவதுதான் பிரச்சினையாம். பெரிய வீட்டு அம்மா தானம் கொடுத்த நிலத்தை உழுதது எந்தச் சாதி என்று கேட்டால் மேடம் என்ன செய்வார்? அந்தக் கேள்வியையும் ஒரு கோடு போட்டு அடிப்பார்.

“ஏதோ பெண்களைப் போற்றினார்களே, அதிலும் குற்றமா?” என்று முற்போக்குத் தோழர் ஒருவர் அலுத்துக்கொண்டார். எந்தப் பெண்களை, தோழர்? ‘பெண்’ என்று பொதுவாகச் சொல்லும்போதெல்லாம் சேரிக்காரி மட்டும் எப்படி வெளியே நிற்கிறாள்?

மாணவத் தோழர்களே, கல்லூரிச் சுவருக்குத்தான் அனுமதி வேண்டும். எங்கள் தெருவில் பக்கச் சுவர்கள் சும்மா கிடக்கின்றன. ஜூலை 23-க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சுண்ணாம்பும் நீலமும் நாங்கள் வாங்கி வைக்கிறோம், வவுச்சர் தேவையில்லை. திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். வரையத் தொடங்குமுன் அவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.