டாலியா, டேல் ஆன கதை

பேப்பர் வந்து வாசலில் விழுந்ததும் வீட்டில் அவரவருக்கு ஒரு பக்கம் உண்டு. ஆண்களுக்கு அரசியல், பெரியவர்களுக்கு ராசிபலன், பிள்ளைகளுக்குப் படக்கதை. ஆங்கிலப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாலு கட்டம், அதற்குள் ஒரு பையனும் நாயும், இல்லாவிட்டால் ஒரு குண்டுப் பூனை. காப்பி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். ஆனால் சகோதரிகளே, அந்த நாலு கட்டம் நம் வாசலுக்கு வருவதற்கு முன்னால், அதை வரைந்தவர் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? இந்த இதழில் அப்படி ஏறி இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த வியாபாரம் நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை புரியும். அமெரிக்காவில் படக்கதை வரைகிறவர்கள் ஒவ்வொரு பத்திரிகையாகப் போய் விற்பது அபூர்வம். நடுவில் 'சிண்டிகேட்' என்று ஒரு நிறுவனம் உண்டு. ஒரே அடுப்பில் சமைத்துப் பத்து வீட்டுக்கு எடுப்புச் சாப்பாடு அனுப்புகிற மெஸ் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓவியர் வரைந்து கொடுப்பார். சிண்டிகேட் அதை ஊர் ஊராய்ப் பத்திரிகைகளுக்கு விற்கும். பெரிய பத்திரிகை என்றால் கூடுதல் விலை, சின்ன ஊர்ப் பத்திரிகை என்றால் குறைந்த விலை. வருகிற பணத்தை ஓவியரும் சிண்டிகேட்டும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்வது அங்கே வழக்கம்.

சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் நாங்களெல்லாம் சின்ன வயதில் அடித்துப் பிடித்துப் படித்த மந்திரவாதி மாண்ட்ரேக் கூட இப்படி 1934-இல் அமெரிக்காவில் ஒரு சிண்டிகேட் மூலம் கிளம்பியவர்தான். சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த 'பீனட்ஸ்' 1950-இல் வெறும் 7 பத்திரிகைகளில் ஆரம்பித்து, கடைசியில் 2600-க்கும் மேலே போயிற்று. சிண்டிகேட் கதவு திறந்தால் உலகமே திறந்த மாதிரி. திறக்காவிட்டால், எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது பெட்டிக்குள்தான்.

இனி நம் கதாநாயகிக்கு வருகிறேன். பெயர் டாலியா மெஸிக். 1906-இல் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்கிற ஊரில் பிறந்தவர். அம்மா தொப்பி தைக்கிறவர், அப்பா விளம்பரப் பலகை எழுதுகிறவர். கையில் கலை இருந்த குடும்பம், பையில் காசு அவ்வளவாக இல்லை. பெண் சிகாகோவில் கொஞ்ச நாள் ஓவியம் படித்துவிட்டு, வாழ்த்து அட்டைக் கம்பெனியில் வேலைக்குப் போனார். அப்போது அங்கே பெரிய பொருளாதார மந்தம். முதலாளி சம்பளத்தைக் குறைத்தார். "போய்யா நீயும் உன் வேலையும்" என்கிற மாதிரி அந்த வேலையை விட்டுவிட்டு, 1933-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனிதான். வாரம் 50 டாலர் சம்பளம். அதில் 30 டாலரை ஊருக்குக் குடும்பத்துக்கு அனுப்பிவிடுவார். சம்பாதிக்கிற பெண்பிள்ளை எந்த தேசத்தில் இருந்தால் என்ன, கதை ஒன்றுதான் போலிருக்கிறது!

பகலெல்லாம் வாழ்த்து அட்டை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தன் சொந்தப் படக்கதை. ஒன்றல்ல, நாலு கதைகள் வரிசையாக வரைந்தார். கடற்கன்னி ஒருத்தியின் கதை கூட அதில் உண்டு. சிண்டிகேட்டுகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றும் எடுபடவில்லை.

அப்போது படக்கதை என்றால் ஆண்கள் ராஜ்யம். சாகசக் கதை, துப்பறியும் கதை எல்லாம் பெண்ணால் வரைய முடியாது என்று முடிவே கட்டிவிட்டிருந்தார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று டாலியாவுக்குப் புரிந்தது. பெயரில் ஒரு சின்ன வெட்டு வெட்டினார். டாலியா, 'டேல்' ஆனார். டேல் என்பது ஆணுக்கும் வைக்கிற பெயர், பெண்ணுக்கும் வைக்கிற பெயர். பெயரைப் படித்து யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, நெஞ்சில் சுருக்கென்றும் இருந்தது. நம் தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் ரங்கராஜன் என்பவர் தன் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு 'சுஜாதா'வாக எழுதிப் பெரும் புகழ் பெற்றார். அங்கே ஒரு பெண் தன் பெயரில் இருந்த பெண்ணை அழித்துக்கொண்டால்தான் உறையையே பிரிப்பார்கள் என்ற நிலை.

சரி, பெயரை மாற்றியதும் கதவு திறந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. டேல் புதிதாக ஒரு கதாநாயகியை உண்டாக்கினார். சிவப்புக் கூந்தல், நடிகை ரீட்டா ஹேவொர்த் மாதிரி அழகு, பெயர் பிரெண்டா ஸ்டார். முதலில் அவளை ஒரு கொள்ளைக்காரியாகத்தான் வரைந்திருந்தார். சிகாகோ ட்ரிப்யூன், நியூயார்க் நியூஸ் பத்திரிகைகளின் சிண்டிகேட்டுக்கு அது போயிற்று. அதை நடத்தியவர் ஜோசப் மெடில் பேட்டர்சன். படக்கதை விஷயத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் ஒரு தடவை ஒரு பெண் ஓவியரை வைத்துப் பார்த்தாயிற்று, இனி வேண்டாம் என்பது அவர் கட்சி. டேலின் படங்கள் ஒதுக்கித் தள்ளப்பட்டன.

அந்த ஆபீஸில் பேட்டர்சனுக்கு உதவியாளராக மோலி ஸ்லாட் என்று ஒரு பெண்மணி இருந்தார். ஒதுக்கிப் போட்டிருந்த படங்கள் அவர் கண்ணில் பட்டன. எடுத்துப் பார்த்தார். கையில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்தது. சும்மா "பாவம், நல்லாத்தான் இருக்கு" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகவில்லை அந்த அம்மாள். கொள்ளைக்காரி வேண்டாம், அவளைப் பத்திரிகை நிருபராக மாற்றிப் பாரேன் என்று யோசனை சொன்னார். டேலும் ரோஷப்படாமல் மாற்றி வரைந்தார். இந்த இடத்தை இரண்டு தரம் படித்தேன். ஐந்தாவது கதை இது. வேறு யாராவது என்றால் "இனிமே ஒரு கோடு கூட மாத்த மாட்டேன்" என்று சொல்லியிருப்பார்கள்.

1940 ஜூன் 30-ஆம் தேதி 'பிரெண்டா ஸ்டார், ரிப்போர்ட்டர்' வெளிவந்தாள். அப்போதும் பேட்டர்சன் முழு மனசோடு சம்மதிக்கவில்லை. சிகாகோ ட்ரிப்யூனின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஓர் இடம் கொடுத்தார், அவ்வளவுதான். தான் நடத்திய நியூயார்க் டெய்லி நியூஸில் அதை அவர் போடவே இல்லை. அவர் 1946-இல் காலமாகி, இரண்டு வருஷம் கழித்து 1948-இல்தான் அந்தப் பத்திரிகையில் பிரெண்டா நுழைய முடிந்தது. ஆனால் அதற்குள் வாசகர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1945-லேயே ஞாயிறு போதாதென்று தினசரியும் வர ஆரம்பித்தாயிற்று. 1950-களில் 250 பத்திரிகைகளில் வந்தது. மோலி ஸ்லாட்டும் சும்மா இருக்கவில்லை. பின்னாளில் அதே சிண்டிகேட்டின் மேலாளராக உயர்ந்தார்.

பிரெண்டா புயலில் மாட்டுவாள், கடத்தப்படுவாள், அடுத்த கட்டத்தில் கலையாத கூந்தலோடு ஹை ஹீல்ஸில் நிற்பாள். நிஜமான பெண் நிருபர்கள் "நாங்க இப்படியா இருக்கோம்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் அவளைப் படித்துத்தான் பத்திரிகைத் தொழிலுக்கே வந்தோம் என்று சொன்ன பெண்களும் உண்டு. அவளுடைய மர்மக் காதலன் பேஸில் செயிண்ட் ஜானை அவள் கைப்பிடித்தது 1976-இல். அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டே வாழ்த்துத் தந்தி அடித்தாராம்! காகிதத்தில் நடந்த கல்யாணத்துக்கு இப்படி ஒரு மரியாதை.

1980 வரை டேல் வரைந்தார். அவருக்குப் பிறகும் பெண்களே வரைந்து, பெண்களே எழுதி, 2011 ஜனவரி 2-ஆம் தேதிதான் அந்தத் தொடர் முடிந்தது. எழுபது வருஷம்! 1995-இல் அமெரிக்கத் தபால் துறை புகழ் பெற்ற இருபது படக்கதைகளுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் பெண் உருவாக்கிய படக்கதை இது ஒன்றே ஒன்று. டேல் மெஸிக் 2005-இல், 98 வயதில் காலமானார்.

காலம் மாறிற்றா என்று கேட்பீர்கள். மாறியது, மெதுவாக. கேத்தி கைஸ்வைட் என்று ஒரு பெண், விளம்பரக் கம்பெனியில் வேலை. தன் கஷ்டங்களைக் கிறுக்கல் படமாகப் போட்டு வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அவர் அம்மா அதைப் படித்துச் சிரித்துவிட்டுப் பரணில் போடவில்லை. இதை சிண்டிகேட்டுக்கு அனுப்பு, அனுப்பு என்று பெண்ணை நச்சரித்து அனுப்ப வைத்தார். 1976-இல் 'கேத்தி' என்று, பெண்ணின் சொந்தப் பெயரிலேயே தொடர் வந்தது. 2010 வரை ஓடியது. ஒரு இடத்தில் ஆபீஸ் உதவியாளர், ஒரு இடத்தில் பெற்ற தாய். யாரோ ஒருத்தர் இரண்டாவது தடவை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம் என் இரண்டாவது பெண். பத்தாவது படிக்கிறாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமெல்லாம் படம்தான். எதிர்வீட்டு மாமி, கீரைக்காரம்மா, தூங்கி வழிகிற டியூஷன் வாத்தியார், யாரையும் விடமாட்டாள். போன கோடையில் ஒரு பத்திரிகைக்கு ஆறு படக்கதை அனுப்பினாள். மூன்று மாதம் ஆயிற்று, ஒரு வரி பதில் இல்லை. பெண் ஒன்றும் சொல்லவில்லை. கலர் பென்சில் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள். "விடு, படிப்பைப் பார்க்கட்டும். படம் சோறு போடுமா?" என்றார் அவள் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. டேலுக்கும் சோறு போட்டது வாழ்த்து அட்டைதானே.

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது டேல் கதையை நான் சொன்னேன். பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த மோலி அன்னிக்கு ஆபீஸ் வரலேன்னா என்னம்மா ஆயிருக்கும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நிஜம்தானே? மோலி கிடைக்காத டாலியாக்கள் எத்தனை பேரோ! அவர்கள் கதையை யார் எழுதப் போகிறார்கள்?

வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் அத்தை, அதாவது மாமியார், எழுந்து உள்ளே போனார். தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் பேத்தி கிழித்துப் போட்ட காலண்டர் தாள்கள். நாலு வருஷத்துப் படங்கள். "மோலி வர்றாளோ இல்லையோ, எனக்கென்ன தெரியும்? வர்ற அன்னிக்கு மேஜை மேல படம் இருக்கணுமா வேண்டாமா?" என்றார். எட்டாவது வரை படித்தவர் அத்தை. அவரைவிட நன்றாக இதை யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வரைகிற, எழுதுகிற கை ஒன்று இருக்கலாம். பிள்ளையாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், ஏன், நீங்களாகவே இருக்கலாம். பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஒரு அட்டை ஃபைல் வாங்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதி, கசங்காமல் வையுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே, என்றைக்கு அனுப்பினோம் என்று கணக்கு நோட்டில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். திரும்பி வந்தால் ஒரு வாரம் ஆறப்போட்டு, எங்கே மாற்றலாம் என்று பார்த்து, வேறு இடத்துக்கு அனுப்புங்கள். படிப்போ வேலையோ, சோறு போடுவதை விடவேண்டாம். ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் அந்தக் கைக்கு ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் "சித்தே அந்த அடுப்பைப் பாரேன்" என்று கூப்பிடாமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

அனுப்பும்போது பெயரை மட்டும் முழுசாக எழுதச் சொல்லுங்கள். அதை வெட்டிக் குறைக்க வேண்டிய அவசியம் நம் பெண்களுக்கு இனி வர வேண்டாம்.